15 சென்ரிமீற்றர் சதுரம்: ஒரிகாமிக் கடதாசிப் பொதி ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

மட்டக்களப்பு நகரில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அண்மையில் உள்ள எழுதுகருவிக் கடையொன்றில், கடந்த நவம்பர் மாத இறுதியில், ஒரிகாமி என்னும் கடதாசி மடிப்புக் கலைக்கான தாள்பொதி ஒன்றை 850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பொதியில் 20 நிறங்களில், நிறத்துக்கு 5 வீதம், 100 தாள்கள் இருந்தன. ஒவ்வொரு தாளும் ஒரு பக்கம் நிறமும் மறுபக்கம் வெள்ளையுமாக, 15 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டப்பட்டிருந்தது. கூடவே, 12 விலங்குகளையும் பறவைகளையும் மடிக்கும் முறையைப் படங்களாகக் காட்டும் சிறு கையேடும் இருந்தது. ஆரம்பப் பிரிவில் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றவள் என்ற முறையிலும், எங்கள் ஒழுங்கையில் உள்ள 11 பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான்கு கிழமைகள் இந்தப் பொதியைப் பயன்படுத்திப் பார்த்தவள் என்ற முறையிலும் சொல்கிறேன்: கொடுத்த காசுக்குத் தாள் முழுப் பெறுமதி உடையது, கையேடோ பிள்ளைக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில் பிள்ளையைக் கைவிட்டுவிடுகிறது.

ஏன் இதைத் தேடிப்போய் வாங்கினேன் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் வீடு கல்லடியில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலை இந்தப் பக்கத்தில் எத்தனை வீடுகளை வெறுமையாக்கியது என்பதை இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த நாளில் பிள்ளைகள் கடதாசிக் கொக்குகள் மடித்து நூலில் கோத்துத் தொங்கவிடலாம் என்று முந்தைய ஆண்டு முயன்றோம். பழைய கொப்பித் தாள்களையும் ஏ4 தாள்களையும் சதுரமாக வெட்டிக் கொடுத்தேன். பாதிக்கு மேற்பட்டவை கொக்காகவில்லை. கழுத்து பிளந்தன, சிறகு கோணின, இரண்டு மூன்று தாள்கள் மடிப்பிலேயே கிழிந்தன. தரம் 4 படிக்கும் பையன் ஒருவன், “என்ட கை சரியில்ல ரீச்சர்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனான். அந்தப் பிள்ளையின் கையில் ஒரு குறையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவன் கொப்பியின் எழுத்து முத்து முத்தாக இருக்கும். குறை நான் கொடுத்த தாளில்தான் இருந்தது என்பதை அப்போது என்னால் அவனுக்குக் காட்ட முடியவில்லை. இந்த முறை காட்டவேண்டும் என்று நினைத்தேன்.

ஜப்பானிய மொழியில் ‘ஒரு’ என்றால் மடித்தல், ‘கமி’ என்றால் கடதாசி. வெட்டாமலும் ஒட்டாமலும் ஒரே தாளை மடித்து உருவம் செய்வதே இக்கலையின் பொது வழக்கம் என்பதால், தொடக்கத் தாளில் உள்ள பிழையைப் பின்னர் திருத்துவதற்கு வழியே கிடையாது. ஆகவே பொதியைப் பிரித்தவுடன் தாள்கள் உண்மையிலேயே சதுரமா என்பதைத்தான் முதலில் பார்த்தேன். அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. கட்டில் உள்ள தாள்களில் பாதியை எடுத்து, கால் சுற்றுத் திருப்பி, மீதிப் பாதியின் மேல் வைத்து, மேசையில் தட்டி ஒழுங்காக்க வேண்டும். தாள் சதுரமாக இல்லாவிட்டால் ஏதாவது ஒரு பக்கத்தில் மேல்பாதி கீழ்ப்பாதியைத் தாண்டி வெளியே நீட்டும். இந்தக் கட்டில் விரல் நுனிக்குத் தட்டுப்படும் அளவுக்குக்கூட எதுவும் நீட்டவில்லை. பிறகு 10 தாள்களை உருவி எடுத்து இரும்பு அடிமட்டத்தால் அளந்தேன். எட்டுத் தாள்கள் இரு பக்கமும் சரியாக 150 மில்லிமீற்றர். இரண்டில் அரை மில்லிமீற்றர் வித்தியாசம். இந்த விலைக்கு இதைவிட நேர்த்தியான வெட்டை எதிர்பார்க்க முடியாது.

அரை மில்லிமீற்றருக்கும் இரண்டு மில்லிமீற்றருக்கும் இடையிலான வேறுபாடு பெரியவர்களுக்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் கொக்கு மடிக்கும்போது ஒரே மூலையை நாம் மீண்டும் மீண்டும் பாதியாக்குகிறோம்: 90 பாகைச் செங்கோணம் மூலைவிட்டத்தில் மடிந்து 45 ஆகிறது, அதன் விளிம்பை நடுக்கோட்டுக்குக் கொண்டுவரும்போது 22.5 ஆகிறது. ஒவ்வொரு முறையும் பழைய பிழையின் மேல் புதிய பிழை ஏறி உட்காருகிறது. ஏ4 தாள் 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் நீளமும் உடையது; அதைச் சதுரமாக்க 87 மில்லிமீற்றர் பட்டியொன்றை வெட்டி எடுக்கவேண்டும். கத்தரிக்கோலால் வெட்டும் ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் அந்த வெட்டு ஒரு முனையில் இரண்டு மில்லிமீற்றர் விலகுவது வழமை. அந்த விலகல் முதல் மூன்று மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியாது. கழுத்தை உருவாக்கும்போது கூர்முனை இரண்டாகப் பிளந்து நிற்கும். முந்தைய ஆண்டு நடந்தது இதுதான்.

அடுத்தது தாளின் தடிப்பு. பொதியின் மேல் சதுர மீற்றருக்கு 70 கிராம் என்று அச்சிட்டிருந்தது. 15 சென்ரிமீற்றர் சதுரத் தாள்கள் 100 சேர்ந்தால் 2.25 சதுர மீற்றர். அச்சிட்டது உண்மையானால் கட்டு 157.5 கிராம் நிறுக்கவேண்டும். சமையலறைத் தராசில் வைத்தேன், 157 காட்டியது. உறையில் அச்சிடுவதையும் உள்ளே வைப்பதையும் ஒன்றாக வைத்திருக்கும் உற்பத்தியாளரைக் கண்டால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. வழமையான ஏ4 தாள் 80 கிராம். ஒற்றைத் தாளாகத் தொட்டுப் பார்த்தால் இந்த 10 கிராம் வித்தியாசம் தெரியாது. ஆனால் கொக்கின் கழுத்தில் பல அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது, நகத்தால் அழுத்தினாலும் படியாமல் புடைத்து நிற்பது அந்த 10 கிராம்தான். பளபளப்பான நாட்காட்டித் தாளைப் பயன்படுத்தலாமா என்று சில பெற்றோர் கேட்டார்கள். அதன் மேற்பூச்சு மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு காட்டும், கொக்குக்கு உகந்ததல்ல.

கடதாசியைப் பற்றி எழுதும்போது வாழைச்சேனையை நினைக்காமல் இருக்க எங்கள் மாவட்டத்தாரால் முடியாது. 1950களில் அங்கே தொடங்கிய கடதாசி ஆலை வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு தாள் செய்தது. வயல்கள் சூழ்ந்த நாட்டில் அது எவ்வளவு பொருத்தமான எண்ணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் வைக்கோலின் நார் குட்டையானது. திரும்பத் திரும்ப மடிப்பதைத் தாங்கும் வலு நீண்ட நாருக்கே கூடுதல். ஜப்பானில் கையால் செய்யும் மரபுவழிக் கடதாசிக்கு அவர்கள் ‘கோசோ’ என்று அழைக்கும் செடியின் பட்டையிலிருந்து எடுக்கும் நீண்ட நாரைப் பயன்படுத்துகிறார்கள். நான் வாங்கிய பொதியில் இருப்பது அந்த உயர்ந்த வகையல்ல, இயந்திரத்தில் செய்த சாதாரணத் தாள்தான். இருந்தாலும் ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாக 20 தடவை மடித்துப் பார்த்தேன். நிறம் சற்று வெளிறியதே தவிர தாள் அறவில்லை.

இயந்திரத்தில் செய்த தாளுக்கு ஒரு குணம் உண்டு. அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையோடு மடித்தால் இலகுவாகப் படியும், குறுக்கே மடித்தால் சற்று முரண்டுபிடிக்கும். இந்தத் தாளிலும் அது இருக்கிறது. ஆயினும் பிள்ளைகளின் வேலையைக் கெடுக்கும் அளவில் இல்லை.

உண்மையான சோதனை எங்கள் காலநிலையில்தான் வந்தது. மார்கழி மாரியில் ஓர் இரவு கட்டை உறைக்குள் வைக்காமல் விறாந்தை மேசையிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் தாள்கள் ஓரங்களில் வளைந்து, தொட்டால் துவள்கின்ற நிலைக்கு வந்திருந்தன. ஈரத்தை உறிஞ்சும் நார் நீளவாட்டில் அதிகம் நீளாது, குறுக்குவாட்டில்தான் உப்பும். ஆகவே சரியாக வெட்டிய சதுரமும் ஈரத்தில் ஒரு பக்கம் வளர்ந்துவிடுகிறது. அந்தத் தாள்களில் மடித்த கோடு நிற்கவில்லை. நகத்தால் தேய்த்த பின்னும் மெல்லத் திறந்துகொண்டது. அரிசி வைக்கும் மூடிவாளிக்குள் பொலித்தீனில் சுற்றி இரண்டு நாள் வைத்த பிறகு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பின. இதற்கு நேர்மாறான தொல்லை கச்சான் காற்றுக் காலத்தில் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அந்த வறட்சியில் எங்கள் வகுப்புக் கொப்பிகளே மொறுமொறுப்பாகி மடிப்பில் முறிவதைக் கண்டிருக்கிறேன். பொதியின் உறை ஒருமுறை திறந்தால் மீண்டும் மூடமுடியாத வகையைச் சேர்ந்தது. வாங்குபவர்கள் அன்றைக்கே இறுக்கமாக மூடும் பெட்டியொன்றைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தில் ஒரு குறை சொல்லவேண்டும். கடுஞ்சிவப்பும் கருநீலமும் வியர்த்த விரலில் ஒட்டுகின்றன. சிறிய பிள்ளையொருத்தியின் வெள்ளைச் சட்டையில் சிவப்பு விரலடையாளம் நான்கு விழுந்தது. சவர்க்காரத்தில் போய்விட்டது என்றாலும் தாயாரிடம் நான்தான் விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. மற்ற 18 நிறங்களிலும் இந்தக் குறை இல்லை.

இனிக் கையேட்டுக்கு வருகிறேன். அதில் உள்ள அடையாளங்கள் உலகெங்கும் வழங்கும் முறையைச் சேர்ந்தவை: சிறு கோடுகளாக உடைந்த கோடு உள்நோக்கிய மடிப்பையும், கோடும் புள்ளியும் கலந்த கோடு வெளிநோக்கிய மடிப்பையும், அம்பு மடிக்கும் திசையையும் காட்டும். இந்த அடையாள மொழியின் அடித்தளத்தை அமைத்தவர் அகிரா யோஷிசவா என்ற ஜப்பானியக் கலைஞர். 1911 இல் பிறந்து 2005 இல் மறைந்த அவர், தாளை இலேசாக ஈரமாக்கி உருண்டு திரண்ட விலங்குகளை மடிக்கும் முறையையும் கொண்டுவந்தவர். படம் மட்டுமே போதும் என்ற துணிவில்தான் இத்தகைய கையேடுகள் விற்பனைக்கு வருகின்றன. இதில் உள்ள சில வரிகளும் ஆங்கிலத்திலும் சீனத்திலுமே இருந்தன. ஆகவே பிள்ளைகளுக்காக நானே தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டேன்: உள்நோக்கிய மடிப்பைப் ‘பள்ளம்’ என்றும், வெளிநோக்கியதை ‘மேடு’ என்றும் அழைத்தோம். ஒரே நாளில் அந்த இரண்டு சொல்லும் பிள்ளைகளின் வாயில் ஏறிவிட்டன. “அது பள்ளம், நீ மேடு போட்டுட்டாய்” என்று ஒருவரையொருவர் திருத்தத் தொடங்கிவிட்டார்கள்.

முதலில் பாயும் தவளையை மடித்தோம். சதுரத்தைப் பாதியாக வெட்டி, 15க்கு 7.5 என்ற நீள்சதுரத்தில் தொடங்குவதால் ஒரு தாளில் இரண்டு தவளைகள் கிடைக்கின்றன. தலைப்பக்கத்தில் குறுக்காக இரண்டு மூலைவிட்டங்களை இட்டு, அவை வெட்டும் இடத்தில் ஒரு மேடு போட்டு, பக்கங்களை உள்ளே தள்ளினால் முக்கோணத் தலை தானாக அமைகிறது. பின்பக்கத்தை இரட்டை மடிப்பாக மடித்துவிடுவதுதான் தவளையின் வில். அந்த மடிப்பை விரலால் அழுத்தி வழுக்கவிட்டால் தவளை பாயும். கையேடு இங்கே மிகத் தெளிவாக இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைகூட இரண்டாவது முயற்சியில் செய்துவிட்டாள். ஆனால் பாய்ச்சலுக்கு இந்தத் தாள் மெலிது. பழைய அழைப்பிதழ் அட்டையில் மடித்த தவளை எங்கள் விறாந்தைச் சீமெந்தில் இதைவிட இரண்டு மடங்கு தூரம் பாய்ந்தது. தவளைக்காக மட்டும் இந்தப் பொதியை வாங்கவேண்டியதில்லை.

கொக்கில்தான் எல்லோரும் நின்றுபோனோம். சதுரத்தை நான்காக மடித்துச் சிறிய சதுரமாக்குவது வரை தடையில்லை. அதன் பக்க விளிம்புகளை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, மேல் முக்கோணத்தைக் கீழே மடித்து, கோடு பதிந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடவேண்டும். அதற்குப் பிறகு வருவது இதழ் மடிப்பு: மேல் அடுக்கின் மூலையை மட்டும் பிடித்து மேலே தூக்க, இரண்டு பக்கமும் உள்ளே சரிந்து நீண்ட சாய்சதுரமாகப் படியவேண்டும். கையேட்டின் 7ஆம் படத்தில் கோடு பதிந்த சதுரம் இருக்கிறது. 8ஆம் படத்தில் முடிந்த சாய்சதுரம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஓர் அம்பு மட்டுமே. தாள் பாதி திறந்து படகுபோல நிற்கும் நிலைக்குப் படமே இல்லை. முன்பு பதித்த கோடுகளில் சில இப்போது எதிர்ப்புறமாக மடியவேண்டும் என்ற குறிப்பும் இல்லை. இந்தக் கலையில் பழக்கமுள்ளவர்களுக்கு இது தேவைப்படாது. முதன்முதலாக மடிக்கும் பிள்ளைக்கு இதுதான் கொக்கின் வாசல். 11 பேரில் 9 பேர் அந்த இடத்தில் தாளைக் கசக்கினார்கள். முந்தைய ஆண்டு எழும்பிப் போன பையனும் அவர்களில் ஒருவன்.

அன்றைக்குக் களுவாஞ்சிக்குடியிலிருந்து மாமி வந்திருந்தார். ஊர் அம்மன் கோயில் சடங்குக்குத் தென்னங்குருத்தோலையில் கிளியும் தோரணமும் செய்து பழகிய கை அவருடையது. படத்தைப் பார்க்கவே இல்லை. பையனின் கையிலிருந்த தாளை வாங்கி, மேல் மூலையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பிடித்து, மற்றக் கையின் நடுவிரலை உள்ளே விட்டு, தாளின் வயிற்றை மெல்ல அகட்டினார். பக்கங்கள் இரண்டும் தயங்கி, பிறகு ஒரே நேரத்தில் உள்ளே விழுந்தன. “இஞ்சப் பாருகா மகள்,” என்றார் என்னிடம், “வாயைத் திறந்து இழுத்தா, மறுகா அது தன்பாட்டில படியும்.” பிறகு எல்லாவற்றையும் விரித்து, தாளைப் பையனிடமே திருப்பிக் கொடுத்தார். அவன் மூன்றாவது தடவையில் செய்தான். கூர்முனை பிளக்கவில்லை. அவன் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தைய ஆண்டு அவன் மடித்த ஏ4 கொக்கொன்றை நான் எடுத்து வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிரித்துக் காட்டினேன். ஏ4 தாளின் ஓரம் சரிந்திருப்பதை அவனே கண்டுபிடித்தான்.

எங்களோடு இருந்த தரம் 9 மாணவி ஒருத்திக்கு இன்னொரு விடயத்தைச் சொல்லிக்கொடுத்தேன். தட்டையாக மடிந்த எந்த உருவத்தைப் பிரித்துப் பார்த்தாலும், தாளின் உட்பகுதியில் கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் மேடுகளின் எண்ணிக்கைக்கும் பள்ளங்களின் எண்ணிக்கைக்கும் வித்தியாசம் எப்போதும் 2 ஆகவே இருக்கும்; இது ஜுன் மாயெகவா என்ற ஜப்பானியரின் பெயரால் வழங்கும் தேற்றம். சிறகு விரிக்காத கொக்கொன்றைப் பிரித்து, மேட்டுக்குச் சிவப்பும் பள்ளத்துக்கு நீலமுமாகப் பேனையால் கீறி, புள்ளி புள்ளியாக எண்ணினாள். அப்படி எண்ணுவதற்கு வெள்ளைப் பின்பக்கம் மிக உதவியாக இருந்தது. கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

கொக்கு என்று நாம் சொல்லிவிடுகிறோமே தவிர, ஜப்பானியர் மடிக்கும் ‘ட்சுரு’ வேறு பறவை. எங்கள் வாவியோரத்தில் நிற்கும் வெள்ளைக் கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கித் தோளுக்குள் வைத்துக்கொள்ளும். ட்சுரு கழுத்தை முன்னே நீட்டிப் பறக்கும். கடதாசியில் நீண்டு நிற்கும் கழுத்து அதனுடையது. கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வந்த சிறுமி இந்த வித்தியாசத்தைக் கேட்டபோது மகிழ்ந்துபோனேன். நாரைகளும் கழுத்தை நீட்டியே பறப்பதால், நூலில் கோத்தவற்றை அவள் நாரை என்றே அழைத்தாள். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது இரண்டு வயதாக இருந்து, இரத்தப் புற்றுநோயால் 1955 இல் 12 வயதில் இறந்த சடாகோ சசாகி மருத்துவமனைக் கட்டிலில் மடித்தவையும் இவைதான். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவர்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. டிசம்பர் 26 காலையில் எங்கள் முற்றத்து வேம்பில் 64 நாரைகள் தொங்கின.

கையேட்டில் மீதமுள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாய் முகமும் பூனை முகமும் ஐந்து நிமிட வேலை, சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம். மீன் அழகாக வருகிறது. யானையின் தும்பிக்கைக்கு 15 சென்ரிமீற்றர் போதவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யானையை நேரில் கண்டவர்கள் என்பதால் அந்த உருவத்தை யானையென்று ஏற்கவும் மறுத்தார்கள்.

தாள் ஒன்றுக்கு எட்டரை ரூபாய் விழுகிறது. தவளை, கப்பல், நாய் முகம் என்று பழகும் வரை ஏ4 தாளே போதும். வெட்டும் வேலையை மட்டும் பெரியவர்கள் அடிமட்டமும் கத்தியும் வைத்துச் செய்து கொடுக்கவேண்டும். கொக்குக்கும் அதற்கு மேலானவற்றுக்கும் இந்தப் பொதியை மனதாரப் பரிந்துரைக்கிறேன். இதழ் மடிப்புக்கு இடையில் விடுபட்ட மூன்று நிலைகளையும் நானே ஒரு தாளில் வரைந்து, பக்கத்தில் பள்ளம், மேடு என்று தமிழில் எழுதி, 20 பிரதிகள் எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தேன். பொதி வாங்குபவர்களுக்கு ஒன்று சேர்த்துக் கொடுக்கும்படி கேட்டேன். ஜனவரியில் இரண்டாவது பொதி வாங்கப் போனபோது அவர் மேசையில் 6 பிரதிகள் மீதமிருந்தன.